காவல் நிலையத்தின் படியேறுவோம்



தோட்டத்து மக்களாகிய நாம் எத்தனையோ அலுவலகங்களின் படியேறி இறங்குகிறோம். தபால் நிலையத்திற்குப் போகிறோம். அரசாங்க மருத்துவமனைக்குப் போகிறோம். பதிவிலாகாவில் வரிசை பிடித்து நிற்கிறோம். சொக்சோ பணத்திற்காகவும் சேமநிதிக்காகவும் பாரங்களை நிரப்பிக் கொடுக்கிறோம். ஆனால் ஓர் இடத்தின் வாசலை மட்டும் கண்டால் நம்மில் பலருக்குக் கால் பின்வாங்குகிறது. அதுதான் போலீஸ் நிலையம். "நமக்கு எதற்கு வம்பு?" என்று சொல்லிக்கொண்டு அதன் எதிர்ப்புறமாக நடந்துவிடுகிறோம்.

இந்த அச்சத்தை நாம் பிள்ளைகளுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டுகிறோம். சாப்பிட மறுக்கும் குழந்தையிடம், "இதோ போலீஸ்காரர் வருகிறார், பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்று மிரட்டாத வீடு லயத்தில் எத்தனை உண்டு? அந்தக் குழந்தை ஒருநாள் சந்தையில் தாயைத் தவறவிட்டால், உதவி கேட்க வேண்டியது யாரிடம்? எவரைக் கண்டு ஒளிய வேண்டும் என்று நாம் கற்றுக்கொடுத்தோமோ, அவரிடம்தான்! இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இன்று சற்றுச் சிந்திக்கப் போகிறோம். போலீசாருக்கும் பொதுமக்களுக்கும் இடையே உறவு வளர்க்க நம் நாட்டில் என்னென்ன முயற்சிகள் நடந்தன, அந்த உறவு உண்மையாக இருக்க இரு தரப்பும் என்ன செய்ய வேண்டும் என்பதே நம் பேச்சு.

முதலில், இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? அது காரணம் இல்லாமல் வந்ததன்று. நாம் வாழும் இந்தப் பகுதி 1800-ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1807-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் பினாங்குக்கு நீதிப் பட்டயம் வழங்கப்பட்டது. அதையொட்டித்தான் முறையான போலீஸ் படை இங்கே உருவாயிற்று. இன்றும் மலேசியப் போலீஸ் தினம் மார்ச் 25-ஆம் நாளிலேயே கொண்டாடப்படுகிறது. ஆக, இந்நாட்டுப் போலீசின் பிறந்த வீடு நம் பினாங்கு மாநிலமே.

பின்னர் கரும்புத் தோட்டங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தில், தோட்டத்தை விட்டு ஓடிப்போவது குற்றம். ஓடியவரைப் பிடித்து வந்து நீதிபதி முன் நிறுத்தினார்கள், சிறைக்கும் அனுப்பினார்கள். 1910-ஆம் ஆண்டில் அந்த முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் "போலீஸ் என்றால் நம்மைப் பிடிக்க வருபவர்" என்ற எண்ணம் ஒழியவில்லை. பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து நமக்கும் அது கைமாறி வந்திருக்கிறது.

அடுத்து வந்தது அவசரகாலம். 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி 1960-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை வயதில் மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, இரவில் ஊரடங்கு, காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. காட்டில் இருந்தவர்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காகச் சோற்றுப் பாத்திரத்தையும் திறந்து பார்த்தார்கள். தோட்டத்தைக் காவல் காத்ததும் போலீசார்தாம். தோட்டத்து மக்களைச் சந்தேகத்தோடு பார்த்ததும் போலீசார்தாம்.

இப்படி மக்களைப் பகைத்துக்கொண்டு ஒரு நாட்டைக் காக்க முடியாது என்பதை அன்றைய ஆட்சியாளர்களே உணர்ந்தார்கள். 1952-ஆம் ஆண்டில் இலண்டன் நகரப் போலீஸ் படையின் தலைவராக இருந்த கர்னல் ஆர்தர் யங் என்பவர் மலாயாப் போலீசின் ஆணையராக வந்தார். போலீஸ்காரர் மக்களின் ஊழியர், அவருடைய நடத்தையில் அது தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாண்டு டிசம்பரில் 'சேவை இயக்கம்' என்ற திட்டத்தை அவர் தொடங்கினார். நிலையத்திற்கு வருபவரிடம் மரியாதையாகப் பேசுவது, வழி கேட்பவருக்கு வழி காட்டுவது, படிக்கத் தெரியாதவருக்குக் கடிதம் படித்துச் சொல்வது போன்ற சிறு சிறு உதவிகளைச் செய்யுமாறு போலீசார் கேட்டுக்கொள்ளப்பட்டனர். இரு கைகள் கோத்த சின்னமும், 'பெர்செடியா பெர்க்கிட்மாட்', அதாவது 'சேவை செய்யத் தயார்' என்னும் வாசகமும் அந்த இயக்கத்தின் அடையாளங்கள். 1955-ஆம் ஆண்டில் பெண்களும் படையில் சேர்க்கப்பட்டார்கள். நம் தாய்மார்கள் மனம்விட்டுப் பேச ஒரு பெண் அதிகாரி இருப்பது எத்தனை பெரிய வசதி என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மெர்டேக்காவுக்குப் பிறகு இந்த உறவு வேறு வேறு உருவங்களில் வளர்ந்தது. 1975-ஆம் ஆண்டில் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் இயக்கம் தொடங்கியது. அக்காலத்தில் குடியிருப்பிலுள்ள ஆண்கள் இரவில் முறை வைத்துக் காவல் சுற்றுவது கட்டாயமாக இருந்தது. பிற்காலத்தில் அந்தக் கட்டாயம் நீங்கி, அக்கம்பக்கத்தார் கூடி வாழும் இயக்கமாக அது மாறியது. 2012-ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து ரோந்து செல்லும் திட்டமும் அதில் அடங்கும். 2005-ஆம் ஆண்டில் 'ராக்கான் கோப்', அதாவது 'போலீஸ் நண்பன்' என்ற திட்டம் கோலாலம்பூரில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவியது. குற்றத் தடுப்புக்கும் சமூகப் பாதுகாப்புக்குமாகப் போலீஸ் படையில் ஒரு தனி இலாகாவும் இன்று இருக்கிறது. பள்ளிகளோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் போலீஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள். பள்ளிகளில் போலீஸ் பயிற்சிப் படையும் உண்டு.

நம் புக்கிட் மெர்தாஜாமையே எடுத்துக்கொள்வோம். மத்திய செபராங் பிறை மாவட்டத்தின் போலீஸ் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் புனித அன்னாள் ஆலயத் திருவிழா நடக்கும்போது இந்தச் சிறு பட்டணத்தில் மக்கள் வெள்ளம் திரள்வதை நாம் அறிவோம். கிறிஸ்தவர்கள் மட்டுமல்லாமல் மற்ற சமயத்தவரும் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்த நாள்களில் போக்குவரத்துப் போலீசாரும் ஆலயத் தொண்டர்களும் சேர்ந்து நின்று வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள். அப்போது மட்டும் நமக்குப் போலீஸ்காரரைக் கண்டு பயம் வருவதில்லை. ஏன்? அவர் நம்மைப் பிடிக்க நிற்கவில்லை, நம் பிள்ளை வண்டியில் அடிபடாமல் காக்கவே நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஒருநாள் உணர்வை ஆண்டு முழுவதும் நிலைக்கச் செய்வதுதான் கடினமான வேலை.

பிற நாடுகளிலும் இதே முயற்சி நடந்திருக்கிறது. ஜப்பானில் 1874-ஆம் ஆண்டு முதலே தெருமுனைக் காவல் கூடங்கள் உண்டு. 'கோபான்' என்பது அவற்றின் பெயர். அங்குள்ள போலீஸ்காரர் தம் பகுதியின் வீடுகளுக்கு நேரில் சென்று நலம் விசாரிப்பார். அதைப் பார்த்துச் சிங்கப்பூர் 1983-ஆம் ஆண்டில் தோ பாயோவில் தன் முதல் அக்கம்பக்கக் காவல் நிலையத்தைத் திறந்தது. தமிழ்நாட்டில் 1993-ஆம் ஆண்டில் இராமநாதபுர மாவட்டத்தில் பிரதீப் பிலிப் என்ற போலீஸ் அதிகாரி 'காவல்துறை நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் இளைஞர்கள் போலீசாருக்குத் துணையாக நின்ற அந்த அமைப்பு மாநிலம் முழுவதும் பரவிப் பாராட்டும் பெற்றது. ஆனால் 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு மாண்ட கொடுமை நடந்தது. அதில் அந்த அமைப்பினர் சிலர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அந்த அமைப்பைத் தடை செய்துவிட்டது.

இருபத்தேழு ஆண்டுகள் வளர்த்த மரம் ஒரே புயலில் சாய்ந்தது! இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? நட்பு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் நட்பு நிலைக்காது. நிலையத்தின் உள்ளே நியாயம் நடந்தால்தான் வெளியே நீட்டும் கையை மக்கள் பற்றுவார்கள். விளையாட்டுப் போட்டியும் தேநீர் விருந்தும் நல்லவைதாம். ஆனால் போலீசின் நட்புக்கு உண்மையான சோதனை, ஏழைத் தொழிலாளி ஒருவர் புகார் சொல்ல வந்து நிற்கும் அந்த மேசையின் முன்னால்தான் நடக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. 2004-ஆம் ஆண்டில் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையில் போலீஸ் படையைப் பற்றி ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் அது 125 பரிந்துரைகளை முன்வைத்தது. போலீசார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. 2009-ஆம் ஆண்டில் நம்மவரான ஓர் இளைஞர் போலீஸ் காவலில் மாண்டார். அவருடைய தாயார் மனம் தளராமல் வழக்குத் தொடுத்தார். 2013-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் இயங்கி வருகிறது. அதன் அதிகாரம் போதாது என்று வாதிடுவோரும் உண்டு. எனினும், குறையைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் போலீசின் மேல் பகை மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. நேர்மையாக உழைக்கும் போலீஸ்காரர்களின் நல்ல பெயரைக் காப்பதும் இத்தகைய விசாரணைகள்தாம்.

இனி, நம் பங்குக்கு வருவோம். ஒரு கை தட்டினால் ஓசை எழாது.

தோட்டத்தில் ஒருவரின் மோட்டார் சைக்கிள் திருட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். "பழைய வண்டிதானே, போகட்டும்" என்று அவர் சும்மா இருந்துவிடுகிறார். அந்த வண்டியில் போன திருடன் பட்டணத்தில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துவிடுகிறான். வண்டி எண்ணைப் பார்த்துப் போலீசார் தேடி வருவது யாருடைய வீட்டுக்கு? இவருடைய வீட்டுக்குத்தான். அன்றே புகார் செய்திருந்தால் அந்தத் தாளே இவருக்குக் கவசமாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தப் பகுதியில் எத்தனை குற்றங்கள் என்ற கணக்கைப் பார்த்துத்தான் ரோந்து போக வேண்டிய இடங்களைப் போலீசார் தீர்மானிக்கிறார்கள். நாம் புகார் செய்யாவிட்டால் அந்தக் கணக்கில் நம் தோட்டம் குற்றமே நடக்காத இடமாக இருக்கும். அப்புறம், "எங்கள் பக்கம் போலீஸ் வண்டி வருவதே இல்லை" என்று குறைப்பட்டுப் பயன் என்ன?

புகார் செய்வது எப்படி? அது கட்டணமில்லாதது. நாட்டின் எந்தப் பகுதியில் நடந்த குற்றமானாலும் அதைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்வது போலீஸ் அதிகாரியின் கடமை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் செய்தது, யார் பார்த்தது என்ற ஐந்தையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளியில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். மலாயில் சொல்லச் சிரமப்படுபவர் மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். எழுதிய புகாரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். புகார் எண்ணையும், விசாரிக்கும் அதிகாரியின் பெயரையும் குறித்து வையுங்கள். பொய்ப் புகார் கொடுப்பது குற்றம் என்பதையும் மறவாதீர்கள்.

புகார் செய்து மாதக் கணக்காகியும் ஒன்றும் தெரியவில்லையா? கடுமையான குற்றமாக இருந்து நான்கு வாரம் கடந்திருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்ட இரண்டு வாரத்திற்குள் நிலையப் பொறுப்பதிகாரி பதில் தர வேண்டும் என்பது சட்டம். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கணவன் அடிப்பது வீட்டு விவகாரம், வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று எண்ணி எத்தனையோ சகோதரிகள் வாய்மூடிக் கிடக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. போலீசில் புகார் செய்து, சமூக நல இலாகாவின் உதவியோடு நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெறலாம். காயம் இருந்தால் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 15999 என்ற உதவி எண்ணுக்கும் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999. கைப்பேசியில் யாரோ மிரட்டியோ ஏமாற்றியோ வங்கிப் பணத்தைப் பறித்துவிட்டால், 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 997 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தைத் தூரத்துக்குக் கொண்டு போய்விடும்.

நம் வீட்டுப் பையன் ஒருவனே கைதாகிவிட்டால்? அழுது புலம்புவதற்கு முன் நான்கு செய்திகளை நினைவில் வையுங்கள். கைதுக்கான காரணத்தை அவனிடம் சொல்ல வேண்டும். உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ள அவன் கேட்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவனாக இருந்தால், 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 2012-ஆம் ஆண்டு முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் கைதாகும் மலேசியக் குடிமக்களுக்குச் சட்ட உதவி வழங்கி வருகிறது. உரிமையைத் தெரிந்து வைத்திருப்பது போலீசை எதிர்ப்பதாகாது. சட்டம் இரு தரப்புக்கும் பொது.

இறுதியாக, தோட்டங்களிலும், தோட்டம் போய்த் தாமான் ஆகிவிட்ட குடியிருப்புகளிலும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு வட்டார நிலையத் தலைவரை அழைக்கலாம். பரிசு கொடுக்க மட்டுமல்ல, பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் அழைக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு அனுமதி கேட்கப் போகும் நிர்வாகக் குழுவினர், "எங்கள் சாலையில் விளக்கு எரியவில்லை, அங்கே இளைஞர்களைக் குண்டர் கும்பல் வளைக்கப் பார்க்கிறது" என்பதையும் அதே மேசையில் சொல்லலாம். ருக்குன் தெத்தாங்கா குழுவில் நம் பெண்களும் இளைஞர்களும் பெயர் கொடுக்கலாம். எஸ்.பி.எம். முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் போலீஸ் பணிக்கு மனுச் செய்யலாம். சீருடைக்குள் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் நின்றால், நிலையத்தின் வாசல் நமக்கு அந்நியமாகத் தோன்றுமா?

போலீசார் நம்மிடம் கையை நீட்டட்டும். நாமும் நீட்டுவோம். நீட்டிய கை நேர்மையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் விழிப்பும் நம்மிடம் இருக்கட்டும். இன்றைக்குச் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியம் ஒன்று உண்டு. நம் வட்டாரப் போலீஸ் நிலையத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டறிந்து, அடுக்களைச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.